அண்ணன் பேசியதைப் பார்த்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த வாரத்தில், தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இது நடந்தது. வயிற்றுவலியில் துடித்த என் அண்ணனை சேலையூரிலிருந்து ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். நிமிர்ந்து உட்கார முடியாமல் வழி முழுக்க என் தோளில் சாய்ந்தபடியே வந்தார்.

அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு என் வீட்டு மாடியறையில்தான் இருந்தார். குரோம்பேட்டையில் பல் செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வேலை. காலையில் கிளம்புவார், சாயங்காலம் வருவார், சாப்பிடுவார், மாடிக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்கு வந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போவார். ரயிலை வேடிக்கை பார்க்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், “ரொம்ப அமைதியான டைப்” என்று சொல்வேன்.

வீட்டில் எங்களுக்குள் சில சைகைகள் இருந்தன. சாப்பாடு, தூக்கம், குளியல், வா, போ, காய்ச்சல், காசு. அவ்வளவுதான். அண்ணனைச் சின்ன வயதில் சேர்த்த பள்ளிக்கூடத்தில், “கையைக் காட்டிப் பழக்காதீங்க, அப்புறம் பேச்சு வரவே வராது” என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அண்ணன் கையைத் தூக்கினால் பிடித்து இறக்கிவிட்டு, தன் உதட்டைப் பார்க்கச் சொல்வார். பிள்ளை எப்படியாவது ஒரு நாள் ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிடாதா என்ற ஆசை. அந்தப் பேச்சு வரவில்லை. வந்திருக்க வேண்டிய இன்னொரு பேச்சையும் நாங்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

மருத்துவமனைக்கு வருவோம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா நான் அண்ணனிடம் கையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“இன்னாக்கா, அண்ணனுக்குக் காது கேக்காதா? வந்தவொடனே சொல்லக்கூடாதா? இவங்களுக்குன்னே ஒரு டேப் கீது. இரு, எட்தாறேன்.”

நாங்கள் டாக்டர் அறைக்குள் போனதும் அந்த அம்மா, சிலேட்டு அளவுத் திரையோடு இருந்த அந்த டேப்பை மேஜைமேல் நிறுத்தி ஏதோ அழுத்தினார். திரையில் கறுப்புச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் வந்தாள். அண்ணனைப் பார்த்துக் கைகளால் வணக்கம் சொன்னாள், பிறகு, “நான் சைகை மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்றதை நான் உங்களுக்குப் பேசிச் சொல்லுவேன், நீங்க பேசுறதை அவருக்குக் கையால சொல்லுவேன்” என்று தமிழில் எங்களுக்குச் சொன்னாள்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு வலியிலும் அவர் முகம் மாறியது. கைகள் மேலே எழும்பின. திரையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அண்ணன் சொன்னதைச் சொன்னாள்: “டேப்பைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அந்தப் பொண்ணோட மூக்கு மட்டும்தான் எனக்குத் தெரியுது.”

டாக்டரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணன் ஜோக் அடிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“எவ்ளோ நாளா வலி?” என்றார் டாக்டர்.

“ஒரு மாசமா சார்...” என்று பழக்க தோஷத்தில் நான் ஆரம்பித்தேன்.

“நீங்க இருங்கம்மா. அவரே சொல்லட்டும்.”

அண்ணனின் கைகள் அசைந்தன. இந்த மாதிரி வேகமாக, தடையில்லாமல், முகமும் தோளும் சேர்ந்து அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. திரையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. ‘அவர் சொல்கிறார்’ என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. ‘நான்’ என்றே பேசினாள்.

“வலி இப்பதான் டாக்டர். முதல்ல வந்தது ரத்தம். போன வருஷமே மலத்துல ரத்தம் போச்சு. அப்பவே வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். நான் விவரமா சொன்னேன். என் தங்கச்சி அதை அவர்கிட்ட சொல்லிட்டான்னு நினைச்சேன். அவர் கொடுத்த மாத்திரை ரத்தத்துக்குத்தான்னு நினைச்சு ஒழுங்காச் சாப்பிட்டுக்கிட்டு வந்தேன்.”



அந்த முதல் டாக்டர் எங்கள் தெருமுனை கிளினிக்காரர். அவர் முன்னால் அண்ணன் என்ன காட்டினார் என்பது எனக்கு அப்படியே நினைவிருந்தது. உதட்டைத் தொட்டார். பிறகு விரல்களை விரித்துக் கீழ்நோக்கி இறக்கினார். திரும்பத் திரும்ப அதையே காட்டினார். உதடு என்றால் சாப்பாடு என்று நான் புரிந்துகொண்டேன். “சாப்பிட்டதும் வயித்தைக் கலக்குதாம் சார்” என்றேன். அவர் கேஸ் டிரபிள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சைகை மொழியில் உதட்டைத் தொட்டால் சிவப்பு. சிவப்பு ஒழுகினால் ரத்தம். இதை நான் அறிந்துகொள்ள ஒரு வருடமும் ஒரு கட்டியும் தேவைப்பட்டன.

பரிசோதனை முடிவுகள் வந்த நாளிலும் அதே டேப் மேஜையில் இருந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. “சார், கொஞ்சம் வெளிய வந்து பேசலாமா?” என்று தணிந்த குரலில் கேட்டேன். திரையில் இருந்த பெண் அதையும் அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். அறையில் பேசப்படும் எல்லாவற்றையும் சொல்லவேண்டியது அவள் வேலை. அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தார்.

“என் வியாதியை என்கிட்ட சொல்லுங்க டாக்டர். எங்க வீட்ல எல்லாத்தையும் எனக்கு அப்புறம் சொல்றேன்னுதான் சொல்வாங்க.”

டாக்டர் அவரிடமே சொன்னார். குடலில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. சிகிச்சை கொடுக்கலாம், ஆனால் குணமாகும் என்று சொல்வதற்கில்லை. அண்ணன் நிதானமாகக் கேள்விகள் கேட்டார். வலி எவ்வளவு இருக்கும், வேலைக்குப் போகலாமா, முடி கொட்டுமா. முடியைப் பற்றிக் கேட்டபோது தன் வழுக்கையைத் தடவிக் காட்டிச் சிரித்தார்.

அண்ணன் வார்டில் சேர்ந்த பிறகுதான், இந்த டேப் ஏற்பாட்டை அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவள் வந்தாள். முப்பதைத் தாண்டிய வயது. நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தோளில் லேப்டாப் பை. அவளுக்கும் காது கேட்காது. காது கேட்காதவர்கள் யார் அங்கே சேர்ந்தாலும் சனிக்கிழமைகளில் நேரில் வந்து பார்ப்பாளாம். கட்டிலருகே வந்தவள் அண்ணனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆர்ப்பாட்டமாக ஏதோ சொன்னாள். அவரும் சொன்னார். இரண்டு பேரும் பழைய சிநேகிதர்களைப் போலப் பேசிக்கொண்டே போனார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் நின்றேன்.

பிறகு அவள் தன் போனில் டைப் செய்து என்னிடம் நீட்டினாள். “அக்கா, இவரை எனக்குக் காலேஜ் படிக்கும்போதே தெரியும். தாம்பரம் ஸ்டேஷன்ல ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் கூடுவோம். செங்கல்பட்டுலேர்ந்துகூட ஆள் வரும். இவர் கதை சொல்ல ஆரம்பிச்சா யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாங்க. கடைசி பெஞ்ச்காரங்க எல்லாம் பெஞ்ச் மேல ஏறி நின்னு பார்ப்பாங்க.”

நான் அதை இரண்டு முறை படித்தேன். அமைதியான டைப்.

“எனக்கும் கத்துக் கொடுக்க முடியுமா?” என்று டைப் செய்தேன். அவள், “இப்பவே ஆரம்பிக்கலாம். முதல்ல போனை உள்ள வைங்க” என்று எழுதிக் காட்டினாள்.

அப்படித்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சனிக்கிழமைகளில் அவள் வருவாள். மற்ற நாட்களில் அண்ணனே வாத்தியார். என் விரல்கள் மடங்கவே மடங்காது. நான் தப்பாகக் காட்டினால் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒரு தடவை, ‘காபி வேண்டுமா’ என்று கேட்பதாக நினைத்து வேறு எதையோ கேட்டுவிட்டேன். அது என்ன என்று கடைசி வரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓரளவுக்குத் தெளிவாகப் பேச வந்ததும் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் பெரிய கேள்வி இதுதான்: “அப்பா எப்படிச் செத்தார்?”

அப்பா மாரடைப்பில் போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அன்று அண்ணன் வேலை முடிந்து வந்தபோது வாசலில் சாமியானா போட்டிருந்தது. யாரோ தோளைத் தொட்டு, வானத்தைக் காட்டினார்கள். அவ்வளவுதான் அவருக்கு வந்து சேர்ந்த செய்தி. பெட்டிக்குள் அப்பாவின் தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்ததைப் பார்த்து, அப்பா வண்டியில் அடிபட்டு, மண்டை உடைந்து இறந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். இத்தனை வருடங்களாக!

அண்ணனுக்கு ஹெல்மெட் விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. என் கணவர் வண்டியை எடுத்தால் கேட் வரைக்கும் வந்து ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பின்னால் உட்காரும் எனக்கும் ஒன்று வாங்கிவந்து மாட்டிவிட்டார். பால் வாங்கப் போனால்கூட விடமாட்டார். டிராஃபிக் போலீஸ் என்று அவரை நாங்கள் கிண்டல் செய்வோம். அது கிண்டல் செய்கிற விஷயமே இல்லை என்று அந்த வார்டில்தான் தெரிந்தது.

நெஞ்சைத் தொட்டு, கையை மூடி நிறுத்தி, “இதயம், நின்றுவிட்டது, வலி கொஞ்ச நேரம்தான்” என்று என் தடுமாறும் விரல்களால் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை, டேப் கொண்டுவந்தவள் வந்தபோது இதை அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் கதையை டைப் செய்து டைப் செய்து காட்டினாள். காபி ஆறிப்போனது.

அவள் வீடு கூடுவாஞ்சேரியில். அப்பா பஸ் டிரைவர். அந்த வீட்டில் சைகை மொழி கற்றுக்கொண்டது அப்பா ஒருவர்தான். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட வரும்போது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். கொரோனா சமயத்தில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவளைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டிருக்கிறார்கள். அப்பாவின் இரண்டு கைகளிலும் ஊசியும் டியூபும் இருந்ததால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகத்தில் மாஸ்க். அவளைப் பார்த்ததும் அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார். மாஸ்க் அசைவது தெரிந்தது, உதடு தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸிடம், “என்ன சொல்றார்? எழுதிக் காட்டுங்க” என்று கெஞ்சியிருக்கிறாள். கவச உடைக்குள் இருந்த அந்த நர்ஸுக்கு இவள் என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா திரும்பி வரவில்லை.

“அவர் கையை யாராவது அவிழ்த்துவிட்டிருந்தா எனக்குப் போதும் அக்கா” என்று டைப் செய்தாள். கொஞ்சம் பொறுத்து, “அந்த நர்ஸைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை” என்று சேர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். வார நாட்களில் வேலை. சனி, ஞாயிறுகளில் இது. ஓர் இடத்தில், தன் டேப் திட்டத்தை அச்சடித்த காகிதத்தை ரிசப்ஷனில் நீட்டியிருக்கிறாள். அங்கிருந்த பெண் அதைப் படிக்காமலே பத்து ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தாளாம். ரயிலில் கார்டு கொடுத்துக் காசு கேட்பவள் என்று நினைத்துவிட்டாள். “நீ என்ன செஞ்ச?” என்று கேட்டேன். “திருப்பிக் கொடுத்துட்டு, இன்னொரு காகிதத்தை நீட்டினேன்” என்றாள்.

தானே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்த வீடியோ ஏற்பாட்டுக்கான ப்ரோகிராமை எழுதியிருக்கிறாள். காது கேட்காத பெற்றோருக்குப் பிறந்து, கேட்கிற பிள்ளைகளாக வளர்ந்தவர்களைத் தேடிப்பிடித்து மொழிபெயர்ப்பாளர்களாகப் பழக்கினாள். அன்று திரையில் வந்த கறுப்புச் சட்டைப் பெண் அவர்களில் ஒருத்தி. சில மருத்துவமனைகள் டேப்பை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி; அடுத்த முறை போய்ப் பார்த்தால் சார்ஜ் இல்லாமல் டிராயரில் கிடக்கும். இவளே எடுத்து, தூசி தட்டி, சார்ஜ் போட்டு, நர்ஸ்களைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒரு வேலையை அவள் அண்ணனிடம் கொடுத்தாள். நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்க வீடியோ வேண்டும். வலியில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் காட்ட வேண்டும். குத்துகிற வலி, எரிகிற வலி, இழுத்துப் பிடிக்கிற வலி, விட்டுவிட்டு வருகிற வலி. “இவர் முகம் மாதிரி யாருக்கும் இல்லை” என்றாள். அண்ணன் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். போன் கேமராவுக்கு முன் ஒவ்வொன்றாகக் காட்டினார். சிலவற்றை அவர் நடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எடுத்து முடித்ததும் தலையணையில் சரிந்துவிட்டார். ஆனால் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்று சரியில்லை, மறுபடி எடு என்று அவளை விரட்டினார். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இப்போதும் புதிதாக வருகிற நர்ஸ்கள் பழகுகிறார்கள்.

பங்குனி வெயில் ஏறும்போது அண்ணனின் கைகள் தளர்ந்துவிட்டன. நீளமாகப் பேச முடியவில்லை. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் சரளமாக வந்திருந்தது. கேட்கவேண்டியவை மலைபோல இருந்தன. லேபில் யாரோடு சிநேகம், யாரையாவது கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டீர்களா, மாடியறையில் தனியாக என்ன யோசிப்பீர்கள். ஒன்றிரண்டைத்தான் கேட்டேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, “பெரிய கதை, கை வலிக்கும்” என்றார். அந்தக் கதை அவரோடு போய்விட்டது. ஒரு மத்தியான வேளையில், நான் பக்கத்தில் இருக்கும்போதே, அமைதியாக அடங்கிவிட்டார். அவர் கைகளை யாரும் கட்டவில்லை. அது மட்டும் எனக்கு ஓர் ஆறுதல்.

அடக்க ஆராதனைக்கு எங்கள் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் வருவார்கள் என்று நினைத்துச் சில நாற்காலிகள்தான் போட்டிருந்தோம். சர்ச்சும் நிறைந்து, வாசலும் நிறைந்தது. கூடுவாஞ்சேரி, பல்லாவரம், செங்கல்பட்டு என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அவள், அண்ணனின் பெட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி நின்றாள். எதிரே முதல் வரிசையில் அந்தக் கறுப்புச் சட்டைப் பெண் உட்கார்ந்து, போதகரின் ஜெபத்தைக் கைகளால் அவளுக்குச் சொன்னாள். இவள் அதைத் தன் ஜனங்களுக்குப் பெரிதாக, அழகாகச் சொன்னாள். எங்கள் சர்ச்சில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு ஒரு ஜெபமும் இப்படிக் கிடைத்ததில்லை.

கல்லறையில் மண் போட்டு முடித்ததும் அவர்கள் வரிசையாக என்னிடம் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே சைகையைச் செய்தார்கள். இரண்டு கைகளையும் காதோரத்தில் வைத்து, பின்னலைப் பின்னுவதுபோல விரல்களைத் திருகித் தோள் வரைக்கும் இறக்கினார்கள். பிறகு என்னைச் சுட்டிக் காட்டினார்கள். இரட்டைப் பின்னல் போல இருந்தது. எனக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

“அது உங்க பேர்” என்று கைகளால் சொன்னாள்.

தங்களில் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் உண்டாம். உங்களுக்கு அவர் வைத்த பெயர் இது என்றாள். நான் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்திருக்க வேண்டும். எனக்கு ஏன் இது தெரியவே இல்லை என்று கேட்டேன். எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், நீ என்று விரல் நீட்டுவார்களாம். பெயர் என்பது அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசும்போதுதான் என்றாள்.

நான் ப்ளஸ் டூ பாஸ் செய்தது, வேலை கிடைத்த அன்று அழுதது, என் கல்யாணத்தில் மழை கொட்டியது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நானும் அவளோடு மருத்துவமனைகளுக்குப் போகிறேன். யாராவது ஒரு வயதானவரோ, ஒரு பெண்ணோ டேப்பின் முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாகத் தன் வலியைத் தானே சொல்லும்போது, கூட வந்தவர்களின் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். நான் இல்லாத இடங்களில் எல்லாம் என் அண்ணன் ஓயாமல் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். நான் கூடவே இருந்த வீட்டில் மட்டும்தான் அவருக்குப் பேச வழியில்லாமல் போயிற்று.